எதிரில் இருப்பவரின் முதுகு

செம்பாறையை அறுத்துக்கொண்டு ஒன்பது நாள் தூரம் ஓடுகிற ஆறு ஒன்று உண்டு. மேலே பாலை நிலத்தில் நின்று பார்த்தால் ஆறு இருப்பதே தெரியாது. கள்ளியும் மணலும்தான் தெரியும். இன்னும் நாலடி எடுத்து வைத்தால் கால் அந்தரத்தில் நிற்கும். அடியில், இருபது பனை ஆழத்தில், எந்த மலையிலோ பெய்த மழை பச்சைத் தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த ஆற்றில் பரிசல் விட்டவள் சடைச்சி. வயது நாற்பதைத் தொடவில்லை. அவளைக் குரு என்றார்கள். அவள் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. வாழ்ந்து சலித்தவர்கள் நான்கு பேர் நான்கு பேராக வருவார்கள். பரிசலில் ஏற்றுவாள். ஒன்பதாம் நாள், ஆறு பாறைகளை விட்டு வெளியே வருகிற வாய்த்துறையில் இறக்கிவிடுவாள். ஏறினவர்கள் வேறு, இறங்கினவர்கள் வேறு என்று ஊரில் பேச்சு.

ஒரு வருஷம் அப்படி வந்த நான்கு பேரில் அவிநாசியும் ஒருவர். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் அவரைக் கண்டால் எழுந்து கும்பிடுவார்கள். உட்கார்ந்து பேசத்தான் ஆள் கிடையாது. டீக்கடை பெஞ்சில் அவர் போய் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பெஞ்சு காலியாகிவிடும். பேசுகிற ஒவ்வொருவர் வாயிலும் பிழை பார்த்தால் யார்தான் உட்காருவார்கள்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு இது உறைத்தது. உறைத்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

முதல் நாள் கரையில் நின்று, "குருவே, வணக்கம்" என்றார்.

மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள். சடைச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சடைச்சின்னே கூப்பிடுங்க வாத்தியாரே."

அது அவர் வாயில் வரவில்லை. கடைசியில் "அம்மா" என்று ஒருவாறு முடிவு செய்துகொண்டார்.

சடைச்சி நால்வரையும் வட்டமாக உட்காரவைத்தாள். அவிநாசிக்கு நேர் எதிரே வெள்ளிங்கிரி, கிணறு வெட்டுகிறவர். உப்பு விற்கிற கெம்பம்மாவுக்கு எதிரே ஆடு மேய்க்கிற ராசப்பன். முழங்காலோடு முழங்கால் இடித்தது.

"பரிசலுக்கு முன்னாடி பின்னாடி கெடையாதுங்க. சுத்திக்கிட்டேதான் போகும். அதனால யாரும் வழியைப் பார்க்க வேண்டாம். எதிர்ல இருக்கறவங்க முதுகுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க. பாறை வந்தா 'முதுகு'ன்னு ஒரு சத்தம் போடுங்க. அவ்வளவுதான் படிப்பு."

"சத்தம் போட்டால்?" என்றார் அவிநாசி.

"ஒரே துடுப்பு வீச்சுல பரிசலைத் திருப்பி, சத்தம் போட்டவங்க பக்கத்தைப் பாறைக்குக் காட்டுவேன்."

"சத்தம் போட்டவன் பக்கத்தையா?"

"ஆமாங்க."

"இது என்னம்மா நியாயம்? எச்சரிக்கை செய்தவனுக்கு இடியா?"

"பாறையைப் பார்த்தவருக்கு உடம்பை உள்ளே இழுத்துக்கத் தெரியும். சிராய்ப்போட போயிரும். பார்க்காதவரு முதுகு அப்படியே வாங்கும்."

"அவரையே உள்ளே நகரச் சொல்லலாமே."

"சொல்லலாம். 'எங்கே?'ன்னு திரும்பிப் பார்ப்பாரு. கழுத்து போயிரும்."

வெள்ளிங்கிரி கையைத் தட்டினார். "வாத்தியாரய்யாவுக்கே பாடம் நடத்திட்டீங்களே அம்மிணி!"

அவிநாசிக்குச் சுருக்கென்றது. ஆனால் வெள்ளிங்கிரி சிரித்த சிரிப்பில் கள்ளம் இல்லை. அவருக்கும் உதடு கொஞ்சம் விரிந்தது.

பரிசல் கிளம்பியது.

முதல் நாலு நாளும் அவிநாசி வாழ்க்கையில் வேறு யாருக்கோ வந்திருக்க வேண்டிய நாட்கள். இருபுறமும் செங்குத்தான பாறை. நடுவே துண்டாக வானம். உச்சிப் பொழுதில் மட்டும் வெயில் தண்ணீரைத் தொடும், உடனே மேலே ஏறிவிடும். பாறைப் பொந்துகளில் குருவிகள் மண்கூடு கட்டியிருந்தன. சுழியில் பரிசல் கிறுகிறுவென்று சுற்றும்போது கெம்பம்மா தன் குலசாமிகளை வரிசையாகக் கூப்பிடுவாள். ஒரு சாமியை விட்டுவிட்டால் ராசப்பன் எடுத்துக் கொடுப்பார்.

ஒவ்வொரு நாளும் ஏழெட்டு முறை யாராவது "முதுகு!" என்று கத்துவார்கள். பரிசல் திரும்பும். கத்தினவர் உடம்பை ஒடுக்கிக்கொள்வார். இடி விழும். எல்லோரும் நனைந்து சிரிப்பார்கள். அவிநாசியும் நான்கு முறை கத்தினார், நான்கு முறை தோளில் சிராய்த்துக்கொண்டார். ஒவ்வொரு சிராய்ப்புக்கும் கெம்பம்மா மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினாள்.

சாயங்காலம் மணல்திட்டில் ஒதுங்குவார்கள். வெள்ளிங்கிரி தான் வெட்டிய கிணறுகளைப் பற்றிப் பேசுவார். "முப்பது அடியில தண்ணி வரலைன்னா நான் கிணத்தைத் திட்டமாட்டேனுங்க வாத்தியாரய்யா. இன்னும் ரெண்டடி இருக்குதுன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லி அனுப்புவேன். அவ நம்பிச் சோறு அனுப்புவா."

"வந்ததா?"

"சில கிணத்துல வந்துச்சு. சில கிணத்துல சோறு மட்டும் வந்துச்சு."

அவிநாசி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் சத்தமே அவருக்குப் புதிதாக இருந்தது. வெள்ளிங்கிரியின் வாக்கியத்தில் அவர் ஒரு பிழையும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. தனக்கு இந்த வயதில் ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு தூங்கினார்.

ஐந்தாம் நாள் யானைத்தொண்டை வந்தது.

ஆறு அங்கே நாலு பரிசல் அகலத்துக்குச் சுருங்குகிறது. நுரையும் இரைச்சலும் தவிர ஒன்றும் கிடையாது. பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றியது. வெள்ளிங்கிரி ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இரைச்சலில் காதில் விழவில்லை. அவர் தலைக்குப் பின்னால் நுரை விலகியது. ஒரு பாறை. கோடரி வாய்போல விளிம்பு. மற்றப் பாறைகளைப் போல வழுவழுப்பாக இல்லை.

அவிநாசி பார்த்தார். நன்றாகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அந்த விளிம்பு தன் முதுகுக்கு வரப்போகிறது என்ற நினைப்பு அதற்குள் வந்துவிட்டது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. சொல் வரவில்லை.

பரிசல் மோதியது. வெள்ளிங்கிரி எகிறித் தண்ணீரில் விழுந்தார்.

அடுத்த கணம் அவிநாசி அவர் தலைமயிரைப் பிடித்துவிட்டார். எப்படிப் பிடித்தார், எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று அவருக்கே தெரியாது. இழுத்து உள்ளே போட்டார். வெள்ளிங்கிரியின் வலது கை தோளுக்குக் கீழே தொங்கியது. முழங்கைக்கு மேல் எலும்பு இரண்டாகிவிட்டிருந்தது.

மணல்திட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கெம்பம்மா கட்டுப் போட்டாள். ராசப்பன் அவிநாசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அய்யா, நீங்க மட்டும் பிடிக்கலைன்னா இந்த மனுசன் போயிருப்பாரு."

"சாமி மாதிரி கையை நீட்டுனாரு" என்றாள் கெம்பம்மா.

வெள்ளிங்கிரி இடது கையால் அவர் விரலைத் தேடிப் பிடித்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது. "எம் புள்ளைங்களுக்கு அப்பன் இருக்கறது உங்களாலதானுங்க."

அவிநாசி விரலை உருவிக்கொள்ளப் பார்த்தார். அந்தப் பிடி விடவில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

ராசப்பன் சடைச்சி பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, துடுப்புத் தவறிருச்சுங்களா?"

சடைச்சி தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நான் திருப்பலைங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்த் துடுப்பை எடுத்துவந்து ராசப்பன் கையில் கொடுத்தாள்.

அவிநாசிக்குப் புரியவில்லை. "எதற்கு?" என்று கேட்டார்.

ராசப்பன்தான் பதில் சொன்னார். அவர் இந்த ஆற்றுக்கரைக்காரர். "பரிசல்ல எலும்பு முறிஞ்சா, ஓட்டுனவங்க துடுப்பைத் தொடக் கூடாதுங்க. வாய்த்துறையில துறைக்காரரு அதை ரெண்டா ஒடிச்சு ஆத்துல விட்ருவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அதோட அவங்க ஆறு முடிஞ்சுதுங்க."

சடைச்சி அடுப்புக்குக் கல் கூட்டப் போய்விட்டாள்.

கஞ்சி வெந்ததும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவிநாசியிடம் நீட்டினாள். "அவருக்குக் கை இல்லை. நீங்க ஊட்டிவிடுங்க."

"நானா? கெம்பம்மா ஊட்டட்டும்."

"நீங்க ஊட்டுங்க வாத்தியாரே."

ஊட்டினார். வெள்ளிங்கிரி ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நன்றி சொன்னார். நடுவில், "பாறை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. அவ்வளவு நுரை" என்றார்.

அவிநாசி கிண்ணத்துக்குள் கரண்டியைத் துழாவினார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அடுத்த கரண்டியை அவர் வாய்க்குள் வேகமாகத் திணித்தார். பேச்சு நிற்கட்டும் என்றுதான்.

மறுநாள் பரிசல் கிளம்பவில்லை. மோதின இடத்தில் தோல் கிழிந்திருந்தது. சடைச்சி பரிசலைக் கவிழ்க்காமல் உள்பக்கமாகவே உட்கார்ந்து கிழிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். அவிநாசி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆபத்தைப் பார்க்கிறான். சொல்லவில்லை. அதனால் இன்னொருவனுக்கு அடிபட்டுவிடுகிறது. பிறகு அவனே போய்க் காப்பாற்றியும் விடுகிறான். செய்த தப்புக்கும் செய்த நல்லதுக்கும் சரியாகிவிடாதா?"

சடைச்சி தார்க் கையைத் துடைத்தாள். "இந்தப் பக்கம் கையை வெச்சுப் பாருங்க. கிழிசல் எங்கே இருக்குது?"

அவிநாசி தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "தெரியவில்லையே."

"உள்ளே உட்கார்றவங்களுக்குத் தெரியாதுங்க."

"அப்புறம்?"

"தண்ணிக்குத் தெரியும்."

இதைச் சொல்லிவிட்டுப் பரிசலைக் கவிழ்த்தாள். வெளிப்பக்கம் ஒரு கை நுழையும் அளவு தோல் பிளந்து கிடந்தது. அதை ஊசி வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். தைத்து முடிகிறவரை அவர் பக்கம் திரும்பவில்லை. அவிநாசி மெதுவாக எழுந்து போனார்.

அவள் கண்டுபிடித்துவிட்டாளோ என்று ஒரு பயம். கண்டுபிடிக்கவில்லையே என்று இன்னொரு வேதனை. அன்றைக்கு அவர் இரண்டு முறை வெள்ளிங்கிரி அருகே போனார். ஒரு முறை "வலிக்கிறதா?" என்று கேட்டார். ஒரு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கேட்க நினைத்தது இரண்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மை கொட்டினவனை மட்டுமல்ல, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவனையும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினவர் அவர். அப்படி நின்ற பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஏழாம் நாள் ராசப்பன் துடுப்பைப் பிடித்தார். வெள்ளிங்கிரியை நடுவில் மூட்டை மேல் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். அவர் இருந்த இடத்தில், அவிநாசிக்கு எதிரே, சடைச்சி உட்கார்ந்தாள். இருபது வருஷமாக அந்தப் பரிசலில் முட்டி போட்டுத் துடுப்புப் போட்டவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

உச்சி வெயில் நேரம், தண்ணீர் வேகமாகச் சரிகிற ஓரிடத்தில் பரிசல் இறங்கியது. சடைச்சியின் தோளுக்குப் பின்னால் பாறை எழுந்தது.

"முதுகு!"

மலை இரண்டு பக்கமும் எதிரொலிக்கும்படி கத்தினார் அவிநாசி. ராசப்பன் துடுப்பை வலித்தார். பரிசல் திரும்பியது. இடி வருவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. முதுகை அப்படியே கொடுத்தார்.

மூச்சு நின்று திரும்ப வந்தது. விலாவில் தீ வைத்ததுபோல் எரிந்தது. கெம்பம்மா, "ஐயோ, எங்க சாமி!" என்று அழுதாள். ராசப்பன், "இப்படி ஒரு மனுசனை நான் பார்த்ததில்லைங்க" என்றார். படுத்திருந்த வெள்ளிங்கிரி இடது கையை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டார்.

கரை ஒதுங்கியதும் அவிநாசி விலாவைப் பிடித்துக்கொண்டு சடைச்சியிடம் வந்தார்.

"இப்போது சரியாகிவிட்டதா அம்மா?"

"எது?"

"நான் சொல்லிவிட்டேனே. இந்தத் தடவை சொல்லிவிட்டேனே."

"சொன்னீங்க" என்றாள் சடைச்சி. "அது இன்னிக்குப் பாறைங்க."

அவிநாசிக்கு முகம் எரிந்தது. அடிபட்ட விலாவை விட அதுதான் அதிகம் எரிந்தது. அடியை வாங்கியதில்கூடத் தனக்குப் பாராட்டுத்தான் சேர்ந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒரு நாள் தாமதமாக, பத்தாம் நாள் பாறைகள் விலகின. வானம் முழுசாகத் தெரிந்தது. ஆறு அகலமாகி மணலில் நிதானமாக நடந்தது. வாய்த்துறையில் துறைக்காரர் காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பரிசலைப் பிடித்தார். சடைச்சி கையில் துடுப்பு இல்லாததைப் பார்த்தார். படுத்திருந்தவரின் கட்டைப் பார்த்தார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கொண்டாங்க" என்று ராசப்பனிடம் கையை நீட்டினார்.

துடுப்பு கைமாறியது. அது வேங்கை மரம். பிடிக்கிற இடத்தில் சடைச்சியின் விரல்பட்டுத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. காளியண்ணன் அதைக் கரைப்பாறையில் சாய்த்து வைத்து, மிதித்து ஒடிக்கக் காலைத் தூக்கினார். அவருக்கும் மனசில்லை என்பது அவர் காலிலேயே தெரிந்தது. சடைச்சி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துங்கள்" என்றார் அவிநாசி.

எல்லோரும் திரும்பினார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் பேசியே பிழைத்த மனிதருக்கு நாலு வார்த்தை கோத்துப் பேச வரவில்லை. "பாறையை... நான் பார்த்தேன்."

"எந்தப் பாறைங்கய்யா?" என்றார் ராசப்பன்.

"யானைத்தொண்டையில். வெள்ளிங்கிரிக்குப் பின்னால். பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு விழுந்திருக்கும். அதனால் கத்தவில்லை. அந்த அம்மா மேல் தப்பே கிடையாது."

கெம்பம்மா தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசப்பன் இரண்டடி பின்னால் போனார். வாய்த்துறையில் சுமை இறக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத அந்த முகங்கள்கூட அவிநாசியைச் சுட்டன.

வெள்ளிங்கிரி எழுந்து உட்கார்ந்திருந்தார். "எனக்குக் கஞ்சி ஊட்டினப்ப?" என்றார்.

"தெரியும்."

"நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு எம் புள்ளைங்களுக்கு அப்பன் இருக்கறது உங்களாலன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

வெள்ளிங்கிரி கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தார். கிணறு வெட்டுகிறவருக்குக் கைதான் சொத்து. இனி அது கடப்பாரை தூக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அவர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவிநாசி காளியண்ணனிடம் போனார். "எனக்கு என்ன தண்டனையோ அதைச் சொல்லுங்கள்."

காளியண்ணன் யோசித்தார். "துடுப்புத் தவறினவங்களுக்குச் சட்டம் இருக்குதுங்க. சும்மா இருந்தவருக்கு எங்ககிட்டச் சட்டம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துச் சடைச்சியிடம் நீட்டினார்.

சடைச்சி உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"வாங்கிக்க அம்மிணி. உம் மேல தப்பு இல்லைன்னு ஆயிருச்சே."

"கொஞ்சம் இருக்குதுங்க" என்றாள் சடைச்சி.

அவிநாசி அவளைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"அந்த இடத்துல பாறையைப் பார்த்துத் துடுப்புப் போட நேரம் கெடையாதுங்க. முகத்தைப் பார்த்துத்தான் போடுவேன். உங்க முகத்துல பாறை தெரிஞ்சுது."

"தெரிந்துமா திருப்பவில்லை?"

"வாயைத் தெறந்திருந்தீங்க வாத்தியாரே. வார்த்தை வருதுன்னு காத்திருந்தேன்."

அவிநாசி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் அதிகமாக் காத்திருந்துட்டேன்" என்றாள் அவள். பிறகுதான் துடுப்பை வாங்கினாள்.

தன்னை நம்பி ஒரு கணம் காத்திருந்தவர்கள் தன் வாழ்க்கையில் எத்தனை பேர் என்று அவிநாசி எண்ணிப் பார்க்க முயன்றார். அந்த ஒரு கணத்தில் என்ன செய்தோம் என்பதையும் பார்த்தார். அழுகை வந்தது. பெரிய மனிதர்கள் அழுவதுபோல் அடக்கமாக அழ அவருக்குத் தெரியவில்லை. மூக்கு ஒழுக, குழந்தைபோல அழுதார். யாரும் தேற்ற வரவில்லை.

பொழுது சாய்ந்தது. எலும்பு கட்டுகிறவருக்கு ஆள் போயிருந்தது. மேலே ஏறிப் பாலை வழியே திரும்பி நடப்பது மறுநாள்தான். கெம்பம்மா கஞ்சி வைத்தாள். ராசப்பன் எல்லோருக்கும் ஊற்றினார். அவிநாசி நெருப்பை விட்டுத் தள்ளி, பரிசலின் மறைவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வைத்தவர் யார் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரில் டீக்கடை பெஞ்சு காலியானபோது அதற்குக் காரணம் மற்றவர்கள் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இங்கே அப்படி நினைக்க வழியே இல்லை.

கெம்பம்மா கிண்ணத்தோடு வெள்ளிங்கிரி பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு வாய் குடிங்க அண்ணா."

"வேண்டாம்."

"பட்டினி கெடந்தா எலும்பு கூடுமா?"

"நீ ஊட்ட வேண்டாம் தாயி" என்றார் வெள்ளிங்கிரி. குரல் கரகரத்தது. "எவன் ஒடிச்சானோ அவன் வந்து ஊட்டட்டும்."

எல்லோருக்கும் கேட்டது. அவிநாசிக்கும் கேட்டது. இதுவரை அந்த மனிதர் அவரை 'அய்யா' இல்லாமல் குறிப்பிட்டதில்லை.

எழுந்து வந்தார். கெம்பம்மா நகர்ந்துகொண்டாள். அவிநாசி எதிரே உட்கார்ந்தார். முதல் கரண்டி பாதி தாடையில் வழிந்தது. தன் துண்டால் துடைத்துவிட்டார். வெள்ளிங்கிரி அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் சிநேகம் இல்லை. வேறு பக்கம் திரும்பவும் இல்லை. நன்றி என்று இந்தத் தடவை சொல்லவில்லை. விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார்.

சடைச்சி விறகு எடுக்க அந்த வழியாக வந்தாள். அவிநாசி தாங்க முடியாமல் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இவர் என்னை மன்னிக்கவே இல்லையே அம்மா" என்றார் மெல்ல.

"வாயைத் தெறக்கறாரா?"

"திறக்கிறார்."

"அப்ப ஊட்டுங்க வாத்தியாரே" என்றாள் சடைச்சி. "கஞ்சி ஆறுது."